களஞ்சியக் கூரை ஒழுக்கும் ரப்பர்ப் பூச்சுகளும்

பாடுபட்டு விளைவித்த தானியம் களத்தினின்று வீடு வந்து சேர்ந்துவிட்டதனால் மட்டும் விவசாயியின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாதென்பது விதைச் சான்றளிப்பில் அனுசரிக்கப்படும் அளவு. ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையில் கூரை ஒழுகி ஒரு மூட்டை நனையுமாயின், அந்த ஈரம் அடுத்த மூட்டைகளுக்கும் பரவும். சூடேறிப் பூசணம் பிடிக்கும். முளைப்புத் திறன் கெடும். பயிரில் பூச்சி விழுந்தால் உடனே மருந்து தேடும் நாம், களஞ்சியத்தின் மேல் விழும் விரிசலைப் பல வருஷம் பார்த்தும் பாராதிருக்கிறோம். கிராமக் கணக்குகள் வைக்கப்பட்டிருக்கும் கட்டிடங்களுக்கும் இது பொருந்தும்.

விரிசல்களைச் சிமெண்டுச் சாந்து கொண்டு அடைப்பதே பெரும்பாலும் வழக்கம். அடுத்த கோடைக்குள் அதே இடத்தில் விரிசல் மறுபடியும் காண்கிறது. இதற்குக் கொத்தனாரைக் குறை கூறிப் பயனில்லை. பகல் வெயிலில் கூரை விரிகிறது, இரவில் சுருங்குகிறது. 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு 40 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். காங்கிரீட்டும் இதற்குச் சற்றுக் குறைவாகவே விரியும். நாள்தோறும் அசையும் இடத்தில் அசையாத சாந்து நிலைக்காது. நீண்டு சுருங்கும் பொருளே அங்கு நிலைக்கும். ரப்பர்ப் பூச்சுகளின் பிரயோஜனம் முழுவதும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

ரப்பரைக் கொண்டு ஜலத்தைத் தடுப்பது புதிதன்று. 1823ஆம் வருஷத்திலேயே ஸ்காத்லாந்து தேசத்து சார்லஸ் மாக்கிண்டாஷ் என்பவர் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கிடையே தடவி, மழைக்கு நனையாத துணி செய்து உரிமை பெற்றார். அது வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அக்குறையை நீக்கும் வழியைக் கண்டார். எனினும் நமது கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கப்படும் இயற்கை ரப்பர், திறந்த வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் கிடந்தால் வெடித்துவிடும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கூரை ஆணிக்கடியில் வைத்தால், அது சில கோடைகளில் பொடிந்து போவதன் காரணம் இதுவே. ஆகையால் கூரை வேலைக்குச் செயற்கை ரப்பர் வகைகளே ஏற்றவை.

கடைகளில் கிடைக்கும் சாமான்களை வேலைக்குத் தக்கவாறு நான்காகப் பிரிக்கலாம். எஸ்.பி.ஆர். என்னும் ரப்பர்ப் பால், சிமெண்டுடன் கலந்து ஓட்டைகளையும் உதிர்ந்த காரையையும் சரிசெய்ய உதவும். அக்ரிலிக் பூச்சு மட்டப்பா முழுவதும் தூரிகையால் தடவத்தக்கது. ஆனால் ஜலம் எப்போதும் தேங்கி நிற்குமிடத்தில் நிலைக்காது. பாலியூரித்தேன் பசை அசையும் விரிசல்களை நிரப்ப ஏற்றது. பியூட்டைல் ரப்பர் நாடா தகரக் கூரையின் மூட்டுகளுக்கு உகந்தது. காடி நெடி வீசும் சிலிக்கோன் பசையைச் சுண்ணாம்பு, சிமெண்டு, துத்தநாகம் பூசிய தகடு ஆகியவற்றின்மேல் உபயோகிக்கலாகாது. அதிலுள்ள அமிலம் அவற்றை அரிக்கும்.

மட்டப்பா வேலையை மழையற்ற நாட்களில் முடித்துவிட வேண்டும். செய்முறை வருமாறு:

1. உள்ளே ஒழுகும் இடமும் மேலே ஜலம் புகும் இடமும் ஒன்றாயிருப்பது அரிது. கைப்பிடிச்சுவரின் அடி, ஜலதாரையின் வாய், குழாய் நுழையும் துவாரம் ஆகியவற்றை முதலிற் பார்க்கவும்.

2. ஜலதாரையை அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் நீக்கவும். தளத்தின் வாட்டம் தவறியிருந்தால் அதை முன்னதாகச் சரிசெய்யவும்.

3. பாசியையும் உதிரும் காரையையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடவும். தூசியின்மேல் தடவிய பூச்சு தூசியுடனேயே உரிந்துவரும்.

4. அசையும் விரிசலை அரை அங்குல அகலமும், அதைவிடச் சற்று அதிக ஆழமுமாக உளியால் வெட்டவும். அடியில் நுரைக் கயிற்றை அழுத்தி, மேலே கால் அங்குலக் கனத்துக்குப் பசையை நிரப்பவும். பசை இரு பக்கங்களில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் நீள இடமின்றிக் கிழிந்துவிடும்.

5. பூச்சை இரண்டு தடவையாக, ஒன்றற்கொன்று குறுக்காகத் தடவவும். விரிசலின்மேல் முதற்பூச்சு ஈரமாயிருக்கும்போதே கண்ணாடி நார்வலையைப் பதிக்கவும். உச்சி வெயிலில் தடவலாகாது.

கலவை அளவும் உலரும் நேரமும் சாமானுக்குச் சாமான் வேறுபடுமாதலால், டப்பாவின்மேல் அச்சிட்டுள்ளபடி நடக்க வேண்டும். சிக்கனம் கருதி அதிக ஜலம் கலப்பது பணத்தை வீணாக்குவதேயாகும்.

தகரக் கூரையில் துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு வர்ணம் பூசி, அது உலர்ந்தபின் நாடாவை அழுத்தி ஒட்டவும். தளர்ந்த ஆணிகளை முறுக்கி, இற்றுப்போன வாஷர்களை மாற்றவும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் நார்த்தூள் மூச்சுடன் உட்சென்றால் நுரையீரலில் புற்றுநோய் முதலிய கொடிய வியாதிகளை உண்டாக்கும். அத்தகடு உடையுந் தன்மையதாதலால் அதன்மேல் ஏறுதலும் அபாயம்.

சில பசைகள் எளிதில் தீப்பற்றும். அவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்தில் உபயோகிக்கவும். அருகில் பீடி, விளக்கு, அடுப்பு வேண்டாம். குடிதண்ணீர்த் தொட்டியின் உட்புறத்துக்கு, அவ்வேலைக்கென்றே தகுதி பெற்ற சாமானைத் தவிர வேறெதையும் பூசலாகாது.

ரப்பர்ப் பூச்சு ஜலத்தைத் தடுக்குமேயன்றிக் கட்டிடத்தைத் தாங்காது. காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தாலும், உத்திரம் தொய்ந்தாலும், அதைப் பூச்சினால் மூடி மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும். அங்கு பொறியாளரின் யோசனையைப் பெறுவதே முறை.

வரப்பில் நண்டு வளை கண்டால் அன்றே அடைக்கும் விவசாயப் பெருமக்கள், அதே கவனத்தைக் கூரையின்மேலும் செலுத்துவார்களாக. ஆடிக் காற்றில் ஒருமுறை மட்டப்பாவில் ஏறிப் பார்த்துச் செய்யும் சிறு செலவு, ஐப்பசியில் ஒரு போகத்து விதையைக் காக்கும்.