டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை: எத்தனாலுக்கு ஏற்ற எரிபொருள் பாதை

இந்தியாவில் 2022 ஜூனில் பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டு, 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ20 எரிபொருள் அறிமுகமாகி, 2025-இல் அதுவே நாடெங்கும் பொதுவான பெட்ரோல் ஆகிவிட்ட நிலையில், பழைய கார் வைத்திருப்போரிடையே எழும் முதல் கேள்வி எஞ்சின் தாங்குமா என்பதாகவே இருக்கிறது. எஞ்சினின் உருளையும் பிஸ்டனும் எத்தனாலை எரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. எரிபொருள் டேங்க்கிலிருந்து புறப்பட்டு, பம்பு, ஃபில்டர், ஹோஸ் ஆகியவற்றைக் கடந்து இன்ஜெக்டரையோ கார்புரேட்டரையோ அடையும் வழியில் உள்ள சிறு பாகங்களே முதலில் பாதிக்கப்படுகின்றன.

இதற்குக் காரணம் எத்தனால் மூலக்கூறின் அமைப்பு. அதன் ஒரு முனை பெட்ரோலைப் போன்ற ஹைட்ரோகார்பன் பகுதி; மறுமுனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால், அம்முனை நீரை எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. சாதாரண வெப்பநிலையில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் நீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்க முடியும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தனி அடுக்காகத் தங்குகின்றன. பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான் என்பதால், எஞ்சினுக்கு முதலில் போவது அந்த நீர்க்கலவையாக இருக்கும். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்படும் வண்டிக்கே இந்த ஆபத்து மிகுதி.

தூய பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எத்தனாலும் சிறிது ஈரமும் சேரும்போது அதற்குக் கடத்தும் தன்மை ஓரளவு வந்துவிடுகிறது. அதனால் அலுமினியமும் பித்தளையும்போல வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. பழைய கார்புரேட்டர்களின் உடற்பகுதி பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. அதைக் கழற்றிப் பார்த்தால், எரிபொருள் தேங்கும் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதும், அந்தப் பொடியே நுண்ணிய ஜெட் துளைகளை அடைத்திருப்பதும் தெரியும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த முலாம் பூசிய பழைய டேங்க்குகளும் இவ்வாறே அரிக்கப்படுகின்றன. எத்தனால் நல்ல கரைப்பானும் ஆகையால், ஆண்டுக்கணக்கில் டேங்க்கில் ஒட்டியிருந்த பிசினைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்துவிடுகிறது.

ரப்பரின் கதை இதைவிடக் கவனத்துக்குரியது. எத்தனாலின் சிறிய மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அதை வீங்கச் செய்து, அதற்கு நெகிழ்வு தரும் சேர்மங்களையும் மெல்லக் கரைத்தெடுப்பதால், பின்பு உலரும்போது ஹோஸ் சுருங்கி வெடிக்கிறது. ஓ-ரிங்குகள் பிடிப்பை இழக்கின்றன. தூய பெட்ரோலிலும் தூய எத்தனாலிலும் வீங்குவதைவிட, இரண்டும் கலந்த திரவத்தில் பல ரப்பர் வகைகள் கூடுதலாக வீங்குகின்றன என்பதால், கலப்பு குறைவு என்று அலட்சியமாக இருக்க இடமில்லை. இயற்கை ரப்பர், தக்கை, சாதாரண நைட்ரைல் ஆகியவற்றுக்குப் பதிலாக ஃப்ளோரின் சேர்ந்த ரப்பர், டெஃப்லான், நைலான், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றைப் பயன்படுத்துவதே எரிபொருள் பாதையை எத்தனாலுக்கு ஏற்றதாக்கும் வேலையின் பெரும்பகுதி.

மீதி வேலை அளவைப் பொறுத்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்றும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றும் போதும். ஆகவே, அதே காற்றுக்கு எத்தனால் கூடுதலாகப் பாய வேண்டும். இன்ஜெக்டர் உள்ள கார்களில் புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலைக் கொண்டு கணினி இதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டையே மாற்ற வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் குறையும்: நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகள் இ20-இல் ஓடும்போது எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டது.

இந்தப் பாடங்களை முதலில் கற்ற நாடு பிரேசில். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய அந்நாடு, 1979-இல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 காரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அங்கே கார்புரேட்டருக்கு நிக்கல் முலாம் பூசினர். குளிரில் எத்தனால் ஆவியாகத் தயங்குவதால், எஞ்சினைக் கிளப்ப மட்டும் ஒரு சிறு பெட்ரோல் டேங்க்கைத் தனியே வைத்தனர். 2003-இல் எந்தக் கலவையிலும் ஓடும் ஃபோக்ஸ்வாகன் கோல் ஃப்ளெக்ஸ் கார் வந்தது. எரிபொருளைச் சூடாக்கும் அமைப்புடன் 2009-இல் வந்த போலோ, அந்தச் சிறு டேங்க்கையும் தேவையற்றதாக்கியது. எரிபொருளுக்கேற்ப வண்டியை மாற்றியமைத்ததுதான் பிரேசில் கண்ட வெற்றியின் அடித்தளம்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் இ20-க்கு ஏற்ற பாகங்களுடன் வண்டிகள் வெளிவருகின்றன. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்போர் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் உள்ள குறிப்பையும் பார்த்து, ஹோஸ், ஓ-ரிங், ஃபில்டர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் சோதித்து மாற்றிக்கொள்வது நல்லது. வண்டியருகே பெட்ரோல் வாடை வந்தால் அது தீ விபத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. எந்த மாடலுக்கு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், என்ன விலை என்ற பட்டியலை ஒவ்வொரு கார் நிறுவனமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.