வால் இல்லாத விமானம்

பெங்களூரு வானம் - 9

2022 ஜூலை 1 அன்று, சித்ரதுர்காவில் உள்ள விமானச் சோதனைத் தளத்தில் ஆளில்லா விமானம் ஒன்று தானே ஓடி மேலெழுந்து, குறித்த புள்ளிகள் வழியாகப் பறந்து, தானே தரையிறங்கியது. அதற்கு வால் கிடையாது. உடல் என்று தனியாகவும் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க இறக்கைதான். உருவாக்கியது பெங்களூரு சி.வி.ராமன் நகரில் இருக்கும் ஏ.டி.இ., அதாவது டி.ஆர்.டி.ஓ.வின் விமானவியல் ஆய்வகம். 2023 டிசம்பரில் மறுபடியும் பறக்கவிட்டபோது, இந்த வகை விமானத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒருசில நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று பெருமையோடு அறிவித்தார்கள்.

பெருமைக்குரிய விஷயம்தான், வால் இல்லாமல் பறப்பது அவ்வளவு கடினம். ஜெர்மனியின் ஹார்ட்டன் சகோதரர்கள் 1930களிலேயே வாலில்லா கிளைடர்களைப் பறக்கவிட்டார்கள். அமெரிக்காவில் ஜாக் நார்த்ரப் இதற்காகவே வாழ்ந்தார். அவரது ஒய்.பி.-49 விமானம் 1948இல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நார்த்ரப் நிறுவனத்தின் பி-2 குண்டுவீச்சு விமானம் 1989இல்தான் பறந்தது, அதுவும் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கும் கணினிகளின் துணையோடு.

கணினி எதுவும் இல்லாமல் இதே இயற்பியலோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். என் அக்கா மகள் அவர்களில் ஒருத்தி, பொறியியல் படிக்கிறாள். அவள் வாங்கியது நுனிக்கு நுனி ஒரு மீட்டர் நீள இறக்கை கிட். பெட்டியில் ஈ.பி.பி. ஃபோமில் வெட்டிய இரண்டு இறக்கைகள், கார்பன் ராடுகள், பால்சா பட்டைகள், இறக்கை நுனியில் செங்குத்தாக ஒட்டும் இரண்டு விங்லெட்டுகள் இருந்தன. மோட்டார், மடல்களை அசைக்கும் சர்வோ, பேட்டரி எல்லாம் தனியாக வாங்க வேண்டும். எஸ்.பி. ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு நாள் அலைந்தால் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

ஈ.பி.பி. என்பது கார் பம்பருக்குள் வைக்கிற ஃபோம். மோதினால் நசுங்கி, திரும்ப எழுந்துவிடும். தெர்மோகோலை சூப்பர் க்ளூ கரைத்துவிடும், இதைக் கரைக்காது. ஆனால் ஃபோம் மட்டும் இருந்தால் காற்றில் வளையும். அதனால் இறக்கையில் நீளமாகக் கீறல் போட்டு, கார்பன் ராடைப் புதைத்து, மேலே கண்ணாடியிழை டேப்பை இழுத்து ஒட்ட வேண்டும். இந்த ஒட்டுவேலையில் அவசரப்படக் கூடாது. ஒரு இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டால் விமானம் ஆயுளுக்கும் ஒரு பக்கமே இழுக்கும்.

வால் என்ன செய்கிறது என்பதை அது இல்லாதபோதுதான் ஒழுங்காகப் புரிந்துகொள்கிறோம். சாதாரண விமானத்தில் எடை மையம் சற்று முன்னால் இருக்கும், தூக்குவிசை அதற்குப் பின்னால் செயல்படும். மூக்கு கவிழப் பார்க்கும். வால் பின்பக்கத்தைக் கீழே அழுத்தி அதைச் சரிக்கட்டும். வாலை எடுத்துவிட்டால் அந்த வேலையும் இறக்கையின் தலையில் விழுகிறது. அதற்காகத்தான் இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்க்கிறார்கள், நுனிகள் எடை மையத்துக்குப் பின்னால் போய்விடும். பின்விளிம்பையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேல்நோக்கித் தூக்கி வைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, எடை மையம். மாடலர்கள் சி.ஜி. என்பார்கள். அவளுடைய இறக்கை நடுவில் 300 மி.மீ. அகலம், நுனியில் 200. நுனி 230 மி.மீ. பின்னால் தள்ளியிருக்கிறது. கணக்குப் போட்டால் சராசரி அகலம் 253 மி.மீ. வருகிறது. சி.ஜி. அதில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அந்தச் சராசரி அகலம் தொடங்குவதே மூக்குக்குப் பின்னால்தான், ஆகவே மூக்கிலிருந்து அளந்தால் 145க்கும் 158க்கும் இடையில். 13 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம், அவ்வளவுதான் இடம். 170ஐத் தாண்டினால் மூக்கு தூக்கிக் குட்டிக்கரணம் போட்டு விழும், எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது.

மோட்டார் பின்னால் இருப்பதால் எடை பின்னுக்கு இழுக்கும். ஈடுகட்டுவது பேட்டரிதான். மொத்த எடை 700 கிராம் என்றால் பேட்டரி மட்டும் 180 கிராம். அதை ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினால் அந்த 13 மில்லிமீட்டரும் தீர்ந்துவிடும். "மாமா, ரெண்டு பக்கமும் விரல் நுனியில தாங்கிப் பிடிங்க" என்று என்னை நிறுத்திவைத்துவிட்டு, அவள் பேட்டரியை ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே தள்ளிப் பார்த்தாள். மூக்கு துளி சாய்ந்து நின்றதும் ஃபோமில் பேனாவால் கோடு போட்டாள். பேட்டரிக்கான குழியை அதற்குப் பிறகுதான் வெட்டினாள். முதலிலேயே குழி வெட்டிவிட்டால் எடையை நகர்த்த வழி இருக்காது.

அடுத்தது எலிவான். ஏற்ற இறக்கம், பக்கச் சாய்வு இரண்டுக்கும் இரண்டே மடல்கள். ரிமோட்டில் இரண்டு கட்டளைகளையும் கலக்கும் மிக்ஸிங் போட்டாக வேண்டும். பின்னால் நின்று பார்க்க வேண்டும்: குச்சியை இழுத்தால் இரண்டு மடலும் மேலே வர வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே, இடது கீழே. முதல் பறப்பிலேயே நொறுங்கும் மாடல்கள் பலவற்றில் இந்தத் திசைதான் மாறியிருக்கும்.

ப்ரொப்பெல்லர் பின்பக்கம் சுழல்வதால், விமானத்தைக் கையால் எறியும்போது அந்தக் கை அதன் பாதையில் வரும். கையை விட்டுப் பிரிந்த பிறகே மோட்டாரை முடுக்க வேண்டும். இதை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது, விரல் போய்விடும்.

இனி எங்கே பறக்கவிடுவது? கிழக்கே எச்.ஏ.எல். விமான நிலையம், வடக்கே எலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் விமானத்தளம், அதற்கும் அப்பால் தேவனஹள்ளி விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானத்தைத் தாராளமாகவே நடத்துகின்றன. 25 கிலோ வரை, கண்பார்வைக்குள் பறந்தால், வகைச் சான்றிதழ் தேவையில்லை. அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதியில் 400 அடி வரை போகலாம். ஆனால் விமான நிலையங்களை ஒட்டித் தடைசெய்த சிவப்புப் பகுதி, அதைச் சுற்றி மஞ்சள் பகுதி. மஞ்சளில் பறக்கக் கட்டுப்பாட்டு கோபுரத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு வெளியே வெகுதூரம் போய்த்தான் இவள் கூட்டாளிகள் பறக்கவிடுகிறார்கள். வண்டி இல்லாத பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

மாதிரி செய்து பறக்கவிட்டுப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. எச்.ஏ.எல்.லின் மருத் போர் விமானத்தைக் கட்டும் முன், ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க்கின் குழு 1959இல் அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, டக்கோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தது. அது நடந்தது இந்த ஊரில்தான். எச்.ஏ.எல்., என்.ஏ.எல்., ஏ.டி.இ., இந்திய அறிவியல் கழகம் என விமான நிறுவனங்களும் ஆய்வகங்களும் இருக்கிற நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரமாவது மாடல் விமானங்களுக்கென்று ஒரு மைதானத்தை, அனுமதியோடும் வேலியோடும், ஒதுக்க முடியாதா? நகரத்துக்குள் பேருந்து போகிற இடத்தில் அது வேண்டும். கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும் கல்லூரிகளும்தான். என் பெயரில் மனு எழுதி வைத்திருக்கிறேன், இந்த வாரம் கொடுக்கப் போகிறேன்.

(அடுத்த வாரம்: காற்றுச் சுரங்கத்துக்குள்)