தாளாத உணர்ச்சியும் ஜப்பானிய இலக்கணமும்

ஒரு மொழியைக் கற்கப் புகுவோர் முதலில் பயில்வன, 'இது நூல்', 'அது மலை' என்பன போன்ற அமைதியான வாக்கியங்களே. பல்வலியால் துடிப்பவனும், மகனைப் பிரிந்த தாயும், எதிர்பாராத பரிசு பெற்ற சிறுவனும் எவ்வாறு பேசுவர் என்பதைப் பாடநூல்கள் நெடுநாள் கழித்தே சொல்லித் தருகின்றன. ஆயினும் ஒரு மொழியின் உள்ளியல்பு அத்தகைய வேளைகளிலேதான் நன்கு புலப்படுகிறது என்பது என் கருத்து. ஆகவே, உணர்ச்சி தம்மை மீறும்போது ஜப்பானியர் கையாளும் சில இலக்கண அமைப்புகளைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானியர் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர் என்று ஒரு பேச்சு உலகெங்கும் உண்டு. அவர்களுடைய இலக்கணத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர் அதை அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டார். 'தாங்க இயலவில்லை' என்னும் ஒரே கருத்துக்கு அங்கே நான்கைந்து வாய்பாடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்துக்கு உரியது.

முதலாவது 'தமரனை' என்பது. இறுதியில் உள்ள 'னை' எதிர்மறை ஈறு. 'தமரு' என்றால் பொறுத்தல். 'அத்ஸுக்குத்தே தமரனை' என்று ஒருவர் சொன்னால், 'புழுக்கம் தாளவில்லை' என்பது பொருள். இதில் 'தே' என முடியும் சொல், நம் இலக்கணம் வினையெச்சம் என்று கூறும் வடிவத்தை ஒத்தது. 'புழுக்கமாயிருந்து, தாளவில்லை' என்பதே அதன் சொல்லுக்குச் சொல் அமைப்பு. பொறுத்தலைக் குறிக்கும் அச்சொல் இன்று பெரும்பாலும் எதிர்மறையிலேயே வழங்குகிறது. தமிழிலும் 'தாளவில்லை', 'தாளாது' என்கிறோமேயன்றி, 'எனக்கு நன்றாகத் தாளுகிறது' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. தாங்கும் வரையில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை போலும்! தாகம், தலைவலி, ஊர் திரும்பும் ஏக்கம், காதல் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்வாய்பாடு பொருந்தும். இன்பத்துக்கும் அது விலக்கன்று. வெந்நீர்க் குளத்தில் இறங்கி அமர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் 'தமரனை' என்பதே.

இரண்டாவது 'நரனை'. 'நரு' என்பது 'ஆகு' என்று பொருள்படும் வினை. ஆகவே 'நரனை' என்பது நேர்பொருளில் நம் 'ஆகாது'. இது சற்றே எழுத்து நடையைச் சார்ந்தது. உடலின் நோவைவிட உள்ளத்தின் அசைவுக்கே மிகவும் உரியது. வருத்தம், கவலை ஆகியவற்றோடு இதைச் சேர்த்துச் சொல்வர். இதற்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. 'ஒமொஎத்தே நரனை' என்றால், ஓர் எண்ணம் நான் அழையாமலே எழுகிறது, அதைத் தடுக்க என்னால் ஆகவில்லை என்பது கருத்து. தானே எழும் இவ்வெண்ணத்தோடு 'தமரனை'யைச் சேர்த்தால் ஜப்பானியர் செவிக்கு அது பொருந்தாது. நினைவு நம்மை அழுத்துவதில்லை, வந்துகொண்டே இருக்கிறது. அந்த நுண்ணிய வேற்றுமையை இவ்விரு சொற்களும் காட்டிவிடுகின்றன.

மூன்றாவது 'ஷிக்கத்த கனை'. பேச்சு வழக்கில் 'ஷோ கனை'. 'செய்யும் வழி இல்லை' என்பது இதன் பொருள். ஓயாத தும்மலுக்கும், நில்லாத கண்ணீருக்கும், வாய்விட்டு நகைக்கவைக்கும் மகிழ்ச்சிக்கும் இது ஏற்கும். தனியே நின்றால், நடந்ததை ஏற்றுக்கொள்ளும் அமைதியையும் இதே தொடர் குறிக்கும்.

இம்மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று: உணர்ச்சியையோ உடலில் எழும் உணர்வையோ சொல்லும் சொற்களோடுதான் இவை சேரும். 'அவர் ஓவியத்தில் வல்லவர்' என்பதோடு 'தமரனை'யைச் சேர்த்தால் வாக்கியம் குலைந்துவிடும். மற்றொருவருடைய திறமை எவ்வளவு பெரிதாயினும் அது நாம் பொறுக்க வேண்டிய சுமையன்று. (சிலருக்கு அது சுமையாவதும் உண்டு, அப்போது பொறாமை என்னும் சொல்லைத்தான் சேர்க்க வேண்டும்.)

வானொலியில் பேசும்போது இதனோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1945 ஆகஸ்டு 15 நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோவின் குரல் முதன்முறையாக வானொலி வழியே மக்களை எட்டியது. முன்னாள் இரவில் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்ட அவ்வுரை, போர் முடிந்ததை அறிவித்தது. பொறுக்கலாகாததைப் பொறுக்குமாறு அதில் அவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். அங்கே பொறுத்தலைக் குறிக்க எழுதப்பட்ட சீன எழுத்தும், இன்று 'தமரனை' என்பதை எழுதப் பயன்படும் எழுத்தும் ஒன்றே. ஆனால் உரை பழைய அரசவை நடையில் இருந்தமையால், கேட்டவர் பலருக்கு அது எளிதில் விளங்கவில்லை. பொறுக்க இயலாமையைத் தெரிவிக்கும் சொல் ஒவ்வொரு வீட்டின் நாவிலும் இருந்தது. அதே கருத்தை அரியணை மொழி சொன்னபோது மக்கள் பொருள் தேட வேண்டியதாயிற்று.

இனி, தமிழர் வியக்கத்தக்க அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். 'நக்கஸு நிவா இரரெனை' என்பது ஜப்பானியத் தொடர். 'அழாமல் இருக்க முடியவில்லை' என்பது அதன் பொருள். பொருள் மட்டுமன்று, உறுப்புக்கு உறுப்பு அமைப்பும் அதுவே: முதலில் 'அழாமல்', அடுத்து 'இரு' என்னும் வினை, அதன் மேல் இயலாமையைக் காட்டும் ஈறு. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேறு வழியை நாட வேண்டும். தமிழனுக்குத் தன் வீட்டு முற்றத்தில் நடப்பது போலிருக்கும். மேலும், ஜப்பானியரும் அவ்வினையை 'இரு' என்றே ஒலிக்கின்றனர்!

இங்கே சில நேயர்கள் சுசுமு ஓனோவை நினைவுகூரலாம். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று பல்லாண்டுகள் வாதாடிய ஜப்பானிய அறிஞர் அவர். அவர் கொள்கையை மொழிநூலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை இறுதியில் நிற்பதும், எச்சங்கள் தொடர்ந்து வருவதும் கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் காணப்படுவனவே. ஒலியொப்புமையோ ஏமாற்றும் இயல்புடையது. ஜப்பானியத்தில் அழுதலைக் குறிக்கும் சொல் 'நகு'; தமிழில் நகு என்றால் சிரி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றுமையைக் கண்டு மகிழலாம். அதன்மேல் வீடு கட்ட முற்படுவது வேறு.

நெடுங்காலம் நிலைக்கும் உணர்ச்சிக்கு 'யமனை' என்பது வழங்கும். காலனை அழைப்பது போல் ஒலித்தாலும் அச்சம் வேண்டா. 'ஓயாது' என்பதே பொருள். வேண்டுதல், நேசித்தல், மதித்தல் ஆகிய வினைகளோடு இது வரும். 'தங்கள் வெற்றியை வேண்டி ஓயேன்' என்று விழா மேடைகளில் சொல்வர். பல்வலிக்கு இதைச் சொன்னால் கேட்பவர் நகைப்பர். இன்னும் உயர்ந்த நடையில், 'ககிரி' அதாவது எல்லை என்றும், 'இத்தரி' அதாவது சென்றடைந்த இடம் என்றும் சொல்லி முடிப்பது உண்டு. நாம் 'எல்லையில்லா மகிழ்ச்சி' என்கிறோம். அவர்களும் அவ்வாறு சொல்வதுண்டு. எனினும் சபையில், 'மகிழ்ச்சியின் எல்லையில் நிற்கிறேன்' என்பதே அவர்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதுவரை சொன்னவை யாவும் 'நான்' என்று பேசுவோனுக்கு உரியவை. பிறருடைய உணர்ச்சியைச் சொல்ல வரும்போதுதான் ஜப்பானிய இலக்கணம் தன் கண்டிப்பைக் காட்டுகிறது. தமிழில் 'எனக்கு வலிக்கிறது' என்பது போலவே 'அவருக்கு வலிக்கிறது' என்றும் தடையின்றிச் சொல்கிறோம். ஜப்பானியத்தில் 'இத்தை' என்பது வலியுடைமையைக் குறிக்கும் சொல். 'எனக்கு இத்தை' என்று சொல்லலாம், 'உங்களுக்கு இத்தையா?' என்று கேட்கவும் செய்யலாம். 'அவருக்கு இத்தை' என்று முடிந்த முடிபாகச் சொன்னால் வாக்கியம் இடறுகிறது. அவர் உடலுக்குள் நீ புகுந்து பார்த்தாயோ என்னும் வினா அங்கே எழுகிறது. ஆகவே, 'வலிப்பது போலத் தோன்றுகிறது' என்றோ, 'வலிக்கிறதாம்' என்றோ சொல்ல வேண்டும். அன்றேல் 'கரு' என்னும் விகுதியைச் சேர்த்து 'இத்தகரு' என்று வினையாக்க வேண்டும்; வலிக்கும் குறிகளை வெளிக்காட்டுகிறார் என்பது அதன் பொருள். 'தமரனை'யும் இவ்விதிக்கு உட்பட்டதே. பிறருக்குத் தாளவில்லை என்று சொல்ல, 'போலும்' என்பதற்கு ஈடான ஒரு சொல்லைப் பின்னால் வைப்பர்.

எஸ். ஒய். குரோதா என்னும் மொழியியலறிஞர் 1973-இல் எழுதிய கட்டுரையில், இவ்விதி கதையிலக்கியத்தில் தளர்வதை எடுத்துக்காட்டினார். நாவலாசிரியன் தன் பாத்திரத்தின் உள்ளத்துக்குள் இருந்து எழுதும்போது, 'அவளுக்குத் தனிமை' என்று நேரே சொல்ல இலக்கணம் இடங்கொடுக்கிறது. அண்டை வீட்டாருக்கு இல்லாத உரிமை கதைசொல்லிக்கு உண்டு.

இது வகுப்பறையோடு நிற்கும் செய்தியன்று. ஜப்பான் 2019 ஏப்ரலில் அயல்நாட்டாருக்காகத் தொடங்கிய தொழிற்றிறன் விசா முறையில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. அவ்வேலைக்கு அயல்நாட்டிலிருந்து செல்லும் பெண் ஒருத்தி, இரவில் ஒரு முதியவரின் படுக்கையருகே இருக்கிறாள் என்று கொள்வோம். அவர் 'இத்தக்குத்தே தமரனை' என்று முனகுகிறார். பதிவேட்டில் அவள் 'அவருக்கு வயிறு வலிக்கிறது' என்று தன் மொழி வழக்கப்படி எழுதலாகாது. வலிப்பதாக அவர் சொல்வதைக் குறிக்க 'உத்தஎரு' என்னும் வினையை எழுதுவது அங்கே வழக்கம். 'முறையிடுகிறார்' என்று அதைத் தமிழாக்கலாம். நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்கும் ஜப்பானியர் இச்சொல்லையே ஆள்கின்றனர். 'இத்தகரு' என்பதை நோயாளியின் மகனிடம் சொல்வதும் ஏற்றதன்று. பெரியவர் ஏதோ சிணுங்குகிறார் என்ற சாயல் அதில் உண்டு. மகனிடம், 'தங்கள் தந்தையாருக்கு வலியிருப்பது போலத் தோன்றுகிறது' என்று பணிவாகச் சொல்வாள்.

பேச்சை இழந்த முதியவராயின் முறையீடும் இல்லை. அப்போது அவள் கண்டதை மட்டும் எழுதுகிறாள்: இரண்டு மணிக்கு முகம் சுளித்தார், வயிற்றைக் கையால் பற்றிக்கொண்டார், விரலைத் தொட்டபோது இறுகப் பிடித்தார். விடியற்காலையில் மருத்துவர் வந்து அவ்வரிகளைப் படித்துவிட்டு, முதியவரிடம் குனிந்து, 'இத்தை தெஸ் கா?' - வலிக்கிறதா? - என்று கேட்கிறார்.