வேடிக்கை பார்த்தவர்களும் கல்லைப் பார்த்தவர்களும்

விண்வெளியில் தனக்கு அப்படியொன்றும் ஆர்வமில்லை என்று சொன்னவர் வேறு யாருமல்ல, நிலவுக்கு மனிதனை அனுப்பியே தீர வேண்டும் என்று முழங்கிய ஜான் கென்னடிதான். 1962 நவம்பரில் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் வெள்ளை மாளிகையில் அவர் நடத்திய பட்ஜெட் வாக்குவாதம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அறிவியல் ஆய்வும் முக்கியம் என்று வெப் விடாமல் வாதாடுகிறார். ரஷ்யாவை முந்துவதற்காகத்தான் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறோம், இல்லையென்றால் இதற்கு என்ன அவசியம் என்பது கென்னடியின் பதில். 2001-ல்தான் அந்த நாடா பொதுமக்கள் காதுக்கு வந்தது.

சரி, மக்களுக்காவது ஆர்வம் இருந்ததா? 1960-களில் அமெரிக்காவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தப் பத்தாண்டின் கருத்துக்கணிப்புகளைத் தோண்டி எடுத்த வரலாற்றாசிரியர் ரோஜர் லானியஸ் கண்டது வேறு. அப்பல்லோ திட்டம் செலவுக்குத் தகுதியானதா என்று கேட்டபோதெல்லாம் பெரும்பான்மையோர் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரே விதிவிலக்கு, 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்த சமயம். அப்போதும் ஆதரவு பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். உலகம் முழுக்க சுமார் 60 கோடிப் பேர் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். (இந்தியாவில் அன்று டெல்லியில் மட்டும்தான் டிவி. சென்னைக்கு வந்ததே 1975-ல். நம்மவர்கள் நிலவுப் பயணத்தை வானொலியில் கேட்டார்கள், பேப்பரில் படித்தார்கள்.) வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தை, காசு கொடுக்கச் சம்மதித்த கூட்டம் என்று எண்ணிக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், ஜூலை 15. ஃபுளோரிடாவின் ஏவுதள வாசலுக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஓர் ஊர்வலம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு அவருடைய அமைப்பை நடத்திவந்த ரால்ஃப் அபர்நாத்திதான் தலைமை. பின்னால் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள். அப்போது நாசாவின் தலைவராக இருந்த தாமஸ் பெய்ன், மேல்கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் எதிரே வந்து நின்றார். லேசான தூறல். நாட்டில் ஐந்தில் ஒருவருக்குச் சரியான சாப்பாடில்லை, துணியில்லை, வீடில்லை, வைத்தியமில்லை. இந்தப் பணம் அங்கே போக வேண்டும் என்றார் அபர்நாத்தி. நாளைக்கு ராக்கெட் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை ஒழியும் என்றால் அழுத்தவே மாட்டோம் என்றார் பெய்ன். உங்கள் பிரச்சினையோடு ஒப்பிட்டால் எங்கள் வேலை குழந்தை விளையாட்டு என்றும் ஒப்புக்கொண்டார். விண்வெளி வீரர்களுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்டார், அபர்நாத்தியும் சம்மதித்தார். சில குடும்பங்களுக்கு மறுநாள் ஏவுதலைப் பார்க்க அனுமதிச் சீட்டு கிடைத்தது.

பெய்ன் மனதில் பட்டதைச் சொன்னார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் வறுமை இருக்கும் என்பது, பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பதற்கு விடை ஆகாது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் இன்னும் சங்கடம். கூட்டம் சீக்கிரமே கலைந்தது. 1970 ஏப்ரல் 13 இரவு, அப்பல்லோ 13-லிருந்து மூன்று வீரர்களும் கப்பலைச் சுற்றிக் காட்டி நேரலை கொடுத்தார்கள். அமெரிக்காவின் பெரிய டிவி நிறுவனங்களில் ஒன்றுகூட அதை ஒளிபரப்பவில்லை. கமாண்டர் லவலின் மனைவி, கணவரைப் பார்ப்பதற்காகக் கட்டுப்பாட்டு மையத்துக்கே போக வேண்டியிருந்தது. நிகழ்ச்சி முடிந்து சில நிமிடங்களில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அதன் பிறகு எல்லாச் சேனல்களும் ஓடிவந்தன.

அந்த ஆண்டு செப்டம்பரில் மேலும் இரண்டு நிலவுப் பயணங்களை நாசா ரத்து செய்தது. மிச்சமானது சுமார் 4.2 கோடி டாலர். மொத்த அப்பல்லோ செலவு 2,540 கோடி டாலர் என்று பிற்பாடு கணக்குக் காட்டினார்கள். சாதமெல்லாம் வடித்து இறக்கியபின் இலையைப் போடாமல் மிச்சம்பிடித்த கதை. அந்தக் காசு கழுதை வண்டிக் குடும்பங்களுக்கா போனது?

முதல் ரத்து அதற்கும் முன்பு, 1970 ஜனவரியில் வந்தது. அப்பல்லோ 20 இல்லை என்று நாசா அறிவித்த அதே வாரம், முதல் நிலவுக் கற்களை ஆராய்ந்தவர்கள் ஹூஸ்டனில் கூடினார்கள். அவர்களில் ஜான் வுட் என்பவர், ஆம்ஸ்ட்ராங் அள்ளிவந்த கருமண்ணில் அங்கங்கே கிடந்த வெள்ளைத் துணுக்குகளைப் பற்றிப் பேசினார். அனார்த்தோசைட் என்ற பாறையின் பொடிகள் அவை. இறங்கிய இடமோ கருங்கல் சமவெளி. ஆக, தொலைவில் உள்ள மேட்டு நிலத்திலிருந்து விண்கல் மோதி இவை சிதறி வந்திருக்க வேண்டும். மேடெல்லாம் இந்தப் பாறைதான் என்றால், பிறந்த புதிதில் நிலவு முழுக்க உருகிய குழம்பாக இருந்திருக்க வேண்டும். கனமான கனிமங்கள் அடியில் தங்க, லேசானவை மிதந்து மேலோடாக இறுகியிருக்க வேண்டும். நகக்கண் அளவுகூட இல்லாத துணுக்குகளிலிருந்து ஓர் உலகத்தின் பிறப்பையே ஊகித்துவிட்டார்கள். 1970-ன் செய்திகளில் என்னைக் கேட்டால் இதுதான் பெரிது.

இதை மலிவாகச் செய்திருக்க முடியாதா? முடியும், ஓரளவு. அதே செப்டம்பரில் ரஷ்யாவின் லூனா 16, ஆளில்லாமலே போய் 100 கிராம் மண்ணை எடுத்துவந்தது. அப்பல்லோ கொண்டுவந்தது 382 கிலோ. வீரர்கள் நடந்து, தேடி, பொறுக்கி எடுத்தவை. ஆனாலும் கல்லுக்காக மட்டும் அவ்வளவு பணத்தை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ரஷ்யாவோடு நடந்த போட்டிக்கு ஓடிய வண்டியில் அறிவியல் ஓசியில் ஏறிக்கொண்டது. கொள்முதல் விலை மிக அதிகம், சரக்கு கெடாத சரக்கு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கெடாமல் இருந்தது தற்செயலில்லை. கற்களில் ஒரு பகுதியைத் தொடாமல் அப்படியே வைத்தார்கள், பிற்காலத்தில் நல்ல கருவிகள் வரும் என்று. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவிலேயே மூடி முத்திரையிட்ட ஒரு குழாயை 2022-ல்தான் திறந்தார்கள். உள்ளே இருந்த வாயுவும் வீணாகக் கூடாதென்று, அதைத் துளையிட்டு உறிஞ்சுவதற்கென்றே தனிக் கருவி செய்தார்கள்.

அந்த வெள்ளைக் கல்லுக்கு நாமக்கல் மாவட்டத்திலும் சொந்தம் உண்டு. சித்தம்பூண்டியில் பூமிக்கு மேலேயே அனார்த்தோசைட் கிடக்கிறது. சந்திரயான் 2-ன் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண் தேவைப்பட்டபோது, அங்கிருந்து பாறையை டன் கணக்கில் எடுத்து இடித்துப் பொடியாக்கித்தான் இஸ்ரோ செயற்கை நிலவுத் தரை அமைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியதை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். செலவு சுமார் 615 கோடி ரூபாய் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த கணக்கு. பிரக்யான் ஊர்தி நூறு மீட்டர் உருண்டு 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. தென் துருவத்துக்கு அருகிலும் மண்ணில் அதே அனார்த்தோசைட் வகைதான் முக்கியம் என்ற முடிவு, ஏறக்குறைய ஓராண்டு கழித்து நேச்சர் இதழில் வெளியானது. வுட் சொன்ன உருகிய நிலவுக்கு, இந்த ஆய்வை நடத்திய அகமதாபாத் ஆய்வகத்திலிருந்து போன சாட்சி அது. அன்றைக்குப் பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

அடுத்தது சந்திரயான் 4. நிலவிலிருந்து மண்ணெடுத்து வரும் திட்டம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்திருக்கிறது. இறங்கும் நாளில் எத்தனை கோடிப் பேர் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்கில்லை, பார்ப்பார்கள். வந்த மண்ணை எந்தக் கட்டடத்தில், எத்தனை ஆண்டுகள் வைப்பார்கள், கல்லூரியில் இப்போது நிலவியல் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் கைக்கு அது போய்ச் சேரும், அதற்கான சம்பளமும் கருவியும் எந்தக் கணக்கில் வரும் என்பதைத்தான் இப்போதே கேட்க வேண்டும்.