குனியும் முதுகின் கணக்கு

விசைக்கு உட்பட்ட ஒரு பொருள் நகருமா, வளையுமா, முறியுமா என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவியல் பிரிவு இயக்கவியல் எனப்படும். அக்கணக்கைப் பாலம், கப்பல், கொதிகலன் போன்றவற்றுக்குப் பொருத்துவதைப் பயன்முறை இயக்கவியல் என்றும், எலும்பு, தசை, மூட்டு, இரத்த ஓட்டம் ஆகியவற்றுக்குப் பொருத்துவதை உயிரி இயக்கவியல் என்றும் பல்கலைக்கழகங்கள் பிரித்து வழங்குகின்றன. பிரிவுகள் இரண்டானாலும் சமன்பாடுகள் ஒன்றே.

இதை விளங்கிக்கொள்ள, வீராணம் ஏரிப் பாசனத்தில் அமைந்த காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் நடவு வேலை செய்யும் பெண்களின் முதுகைவிடத் தக்க எடுத்துக்காட்டு இல்லை. இடக்கையில் நாற்றுமுடியைப் பிடித்து, வலக்கையால் சேற்றில் நாற்றை ஊன்றியபடி பின்னோக்கி நகரும் அவர்களின் மேலுடல் ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்கிறது. தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் எடை 30 கிலோ என்றும், அந்த எடையின் ஈர்ப்பு மையம் இடுப்பின் அடி முள்ளெலும்பிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். அம்மேலுடலைக் கவிழ்ந்துவிடாமல் பிடித்திருக்கும் முதுகுத் தசையோ முள்ளெலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நீர் இறைக்கும் ஏற்றத்தில் குட்டையான பக்கத்தைப் பிடித்து இழுப்பவருக்குப் பாரம் கூடுவதுபோல, ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் நின்று இழுக்கும் தசை ஐந்து மடங்கு, அதாவது 150 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டியிருக்கிறது. அவ்விசை முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மென்தட்டின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. ஒருவர் முழுமையாகக் குனியும்போது தசை ஓய்ந்து, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் பாரத்தின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வதால், இக்கணக்கு முதல் மதிப்பீடு மட்டுமே. ஆனால் அந்த நார்கள் நாள் முழுவதும் இழுபட்டு நெகிழ்வதே இடுப்பு வலிக்கு ஒரு காரணமாகவும் அமைகிறது.

பாரம் தசையையும் நாரையும் மட்டுமல்ல, எலும்பையும் பாதிக்கிறது. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். முறிந்த எலும்பைச் சேர்க்க வைக்கப்படும் எஃகுத் தகடு எலும்பைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு விறைப்பானது என்பதால், பாரத்தின் பெரும்பகுதியைத் தகடே ஏந்திக்கொள்ள, வேலையற்றுப்போன எலும்பு மெலிகிறது. டைட்டானியம் கலவைகளின் விறைப்பு எஃகின் பாதியளவே என்பது அவற்றை மருத்துவர்கள் விரும்புவதற்கான காரணங்களுள் ஒன்று. அதோடு, நடமாடும் ஒருவரின் ஒவ்வொரு காலும் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் அடிகள் வைக்கிறது; காலில் பொருத்திய தகடு அத்தனை முறையும் பாரத்தை ஏந்த வேண்டும். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறு பாரம் திரும்பத் திரும்ப விழுவதால் உலோகத்தில் விரிசல் பிறந்து வளர்வதைப் பொறியாளர்கள் களைப்பு என்பர்.

இந்தக் களைப்பைப் பற்றிய ஆய்வு சிதம்பரத்துக்குப் புதிதன்று. 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் இயங்கும் உலோக இணைப்பு ஆய்வு மையம், உராய்வுக் கலக்குப் பற்றவைப்பு முறையில் இணைத்த உலோகங்களின் வலிமையையும் களைப்பையும் ஆராய்ந்துவருகிறது. இங்கிலாந்தில் 1991-இல் கண்டறியப்பட்ட இம்முறையில், சுழலும் கடினமான முனை ஒன்று இரு தகடுகளின் விளிம்பில் இறங்கி, உராய்வு வெப்பத்தால் உலோகத்தை உருக்காமல் மெழுகுப் பதத்துக்குக் கொண்டுவந்து, கலக்கி இணைத்துச் செல்கிறது. உருகி உறைவதால் வரும் துளைகளும் விரிசல்களும் இதில் எழுவதில்லை. விமானத்துக்கும் கப்பலுக்குமான ஆய்வு இது என்றாலும், இணைப்பு எத்தனை சுழற்சிகளைத் தாங்கும் என்ற அதே கேள்வியை உடலுக்குள் வைக்கும் உலோகத்திடமும் கேட்டாக வேண்டும்.

இத்தகைய இயக்கவியல் ஆய்வு மனிதரைச் சென்றடைந்ததற்குச் சென்னை ஐ.ஐ.டி. சான்று. அங்குப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி மையம் உருவாக்கிய ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் 2022-இல் வெளியிடப்பட்டது. கதவின் கீல்போல் ஒரே அச்சில் மடங்காமல், நான்கு தண்டுகள் இணைந்த அமைப்பால் மடங்கும் இதன் சுழற்சி மையம், மடங்க மடங்க இடம் பெயர்கிறது. நிற்கும்போது மையம் பின்தள்ளி நிற்பதால் கால் திடீரென மடங்குவதில்லை. காலை வீசும்போது அதன் நீளம் சற்றுக் குறைவதால் விரல்நுனி தரையில் தட்டி இடறும் வாய்ப்பும் குறைகிறது. இது 160 டிகிரி வரை மடங்குவது தனிச்சிறப்பு. நாற்காலியில் அமர 90 டிகிரி போதும். தரையில் அமர்ந்தும் குத்துக்காலிட்டும் வாழ்ந்து பழகிய மக்களின் முழங்காலுக்கு அது போதாது. நெருக்கமான பேருந்து இருக்கையில் அமர்வதற்கும் கூடுதல் மடக்கம் உதவுகிறது.

அளவுகளை எந்த மக்களின் உடலிலிருந்து எடுக்கிறோம் என்பதே உயிரி இயக்கவியல் ஆய்வின் உயிர்நாடி. பொறியியல், வேளாண்மை, உடற்கல்வி ஆகிய புலங்களும் மருத்துவக் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்த அண்ணாமலைநகரில் நடந்துசெல்லும் தொலைவில் இருக்கின்றன; நடவு வயல்களோ வளாகத்தைச் சுற்றியே இருக்கின்றன. இத்தகைய வாய்ப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கிடைப்பதில்லை. தசையின் மின்குறிகளைப் பதியும் கருவியோடும் அசைவுகளை அளக்கும் ஒளிப்படக் கருவியோடும் அந்த வயல்களில் இறங்கி, குனிந்து நடும் பெண்ணின் முதுகு தாங்கும் பாரத்தை அளந்து, வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் நடவுக் கருவிக்கும் உரிய அளவுகோல்களை வகுக்கும் பணியை இத்துறைகள் ஒன்றுகூடி மேற்கொள்ள வேண்டும். அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.