குளிர்நில ஒயினும் புளிப்பின் அளவும்

திராட்சை பழுக்கும் காலத்தில் வெப்பம் மிகுந்தால் பழத்தில் சர்க்கரை விரைவாக ஏறுகிறது. பச்சை ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலமோ பழத்தின் சுவாசத்தில் செலவாகிக் குறைகிறது. குளிர்நிலங்களில் இவ்விரண்டும் மெதுவாக நிகழ்வதால் சர்க்கரை அளவோடு நிற்க, புளிப்பு பெருமளவு தங்கிவிடுகிறது. சர்க்கரையே நொதித்து ஆல்கஹாலாக மாறுவதால், இந்நிலங்களின் ஒயினில் ஆல்கஹால் குறைந்தும் புளிப்பு ஓங்கியும் இருப்பது இயல்பு. வெப்பநில ஒயினின் அடர்த்தியை அளவுகோலாக்கிக் கொண்டு இவற்றைச் சுவைப்பவர், இவ்வியல்பையே குறையாகக் கணக்கிட்டுவிட நேரும்.

ஏறத்தாழ 50 பாகை வட அட்சத்தில் அமைந்த ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில், பகல் வெப்பத்தை வாங்கி இரவில் வெளிவிடும் சிலேட்டுக்கல் சரிவுகளில் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை விளைகிறது. சாற்றின் சர்க்கரை அளவைக் கொண்டு வகுக்கப்பட்ட தரவரிசையில் முதற்படியான ‘கபினெட்’ ஒயின்கள் பலவற்றில், நொதித்தல் இடையிலேயே நிறுத்தப்படுவதால் இனிப்பு எஞ்சுகிறது; ஆல்கஹால் 8 அல்லது 9 விழுக்காட்டளவில் நின்றுவிடுகிறது. நாவில் முதலில் படும் அந்த இனிப்பு புளிப்பை மறைத்துவிடும் என்பதால், ஒயினைத் துப்பிய பிறகு வாயில் எவ்வளவு நீர் ஊறுகிறது என்பதைக் கவனிப்பதே நம்பத்தக்க சோதனையாகும். நீர் ஊறி வாய் தெளிந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இனிப்பு மட்டும் பிசுபிசுப்பாகத் தங்கினால் சமநிலை தவறியிருக்கிறது.

சிவப்பு ஒயினில் கணக்கு வேறு. அதில் பெரும்பாலும் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை அதனினும் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுவதோடு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு ஈறுகளை உலர்த்தும் துவர்ப்பையும் தருகிறது. பிரான்ஸின் பர்கண்டியில் விளையும் பினோ நுவார் மெல்லிய தோலும் குறைந்த நிறமியும் உடையது என்பதால், அதன் வெளிறிய நிறம் தரக்குறைவின் அடையாளம் ஆகாது. துவர்ப்பு நுண்மையாகப் பரவுகிறதா, கரடுமுரடாகத் தடுக்கிறதா என்பதே அங்கு கேள்வி. லுவார் பகுதியின் கபெர்னே ஃபிரான்க்கில் குடைமிளகாய் வாசனை மேலோங்கினால், பழம் முதிராத நிலையில் மெத்தாக்ஸிபிரசின் என்னும் சேர்மம் மிகுந்து நின்றது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

நிறம் மூக்கையும் ஏமாற்றும் என்பதை 2001-இல் வெளியான போர்டோ ஆய்வு காட்டியது: மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை முகர்ந்த 54 பேர், அதன் மணத்தைப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். வெளிறிய நிறத்தைக் கண்டதும் மதிப்பெண்ணைக் குறைக்கும் பழக்கம் குளிர்நிலச் சிவப்பு ஒயின்களுக்கே பெரிதும் பாதகமாவதால், நிறம் தெரியாத கறுப்புக் கண்ணாடிக் கோப்பையில் மணத்தையும் புளிப்பையும் துவர்ப்பையும் முதலில் குறித்துக்கொண்டு, நிறத்தைக் கடைசியில் பார்ப்பது நியாயமான வரிசையாகும். கோப்பையின் வடிவமும் ஒயினின் வெப்பநிலையும் அக்குறிப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பது அடுத்த பகுதியில் ஆராயப்படும்.