அடிநாதம் காப்போன்

பள்ளி இசைக்குழுக்களில் திறமை குறைந்த மாணவனிடம் பேஸ் கிட்டாரைக் கொடுத்துவிடுவோர் உளர். இஃது அக்கருவியின் இயல்பறியாமையால் விளைவது.

பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கு கம்பிகள். சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை சுருதி கூட்டப்படும். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட மின்கருவியே இதனைப் பரப்பிற்று.

பயில்வோன் முதற்கண் கற்க வேண்டுவன மூன்று: சுரக்கூட்டு மாறுந்தோறும் அதன் அடிச்சுரத்தைப் பற்றுதல்; டிரம்முடன் காலப்பிரமாணம் பிசகாது நிற்றல்; ஒலித்த கம்பியை உரிய இடத்தில் அடக்குதல். ஒலியின்மையும் தாளத்தின் உறுப்பேயன்றோ?

இவை கைவந்தபின், ஓர் அடிச்சுரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழியிலேதான் கற்பனை பிறக்கிறது. டெட்ராய்ட் நகரில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்திற்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) இதற்குச் சான்றாவார். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டிய அவர், இடைச்சுரங்களையும் எதிர்பாராத் தாள வெட்டுகளையும் புகுத்தி, அடிவரிசையையே தனியொரு பாட்டாக்கினார். ஆயினும் பாடுவோரை மறைத்தாரல்லர். 1960-களில் உலகெங்கும் ஒலித்த அத்தட்டுகளில் அவர் பெயர் பொதுவாக இடம்பெறவில்லை. 1971-இல் மார்வின் கேயின் தொகுப்பில் அது சிறப்புடன் அச்சேறிற்று.

ஆகவே ஆசிரியர்களே, பேஸ் கிட்டாரைக் கூர்ந்த செவியும் பொறுமையும் உடைய மாணவனிடம் கொடுங்கள். இலக்கணம் கற்றவனே தனக்கென ஒரு நடை காண்பான், இசையிலும் அவ்வாறே.